தொட்டால் விதி திறக்க வேண்டும்!



தேவராஜ மார்க்கெட்டிலிருந்து ஹெப்பாள் வரை மழை வெயில் பாராமல் உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் நம் இளைஞர்களுக்கு இன்று கைப்பேசிதான் மேஸ்திரி. வேலை கொடுப்பதும் அதுதான், கூலி கணக்கிடுவதும் அதுதான், வேலையைப் பறிப்பதும் அதுதான்.

அந்த மேஸ்திரிக்குக் கடிவாளம் போடக் கர்நாடக அரசு 2025-ஆம் ஆண்டில் செயலிவழித் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை மாற்றினால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வேலையிலிருந்து நீக்கினாலும் 14 நாள் அவகாசமும் எழுத்துமூலமான காரணமும் வேண்டும். ஒப்பந்தம் எளிய நடையில், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ, எட்டாம் அட்டவணையிலுள்ள, தொழிலாளிக்குத் தெரிந்த வேறு மொழியிலோ இருக்க வேண்டும். அந்த அட்டவணையில் தமிழும் உண்டு!

ஆனால், "ஒப்பந்தம் மாறியிருக்கிறது" என்று கைப்பேசியில் ஓர் அறிவிப்பு மின்னி, அதைத் தொட்டால் செயலியின் முகப்புப் பக்கம் மட்டும் திறக்குமானால் சட்டத்தால் என்ன பயன்? அடுத்த ஆர்டருக்குப் பறக்கும் தொழிலாளி மாறிய விதியை எந்த மூலையில் தேடுவார்? அறிவித்துவிட்டோம் என்று கம்பெனி கணக்கு எழுதிக்கொள்ளும். 14 நாளும் ஓடிவிடும்.

தொழில்நுட்பம் இடங்கொடாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. எந்தத் திரை திறக்க வேண்டும் என்ற முகவரியை அறிவிப்போடு சேர்த்தே அனுப்பலாம். முழுக்க மூடிக்கிடக்கும் செயலியும், எழுந்தவுடன் அந்த முகவரியைப் படிக்குமாறு நிரல் எழுதப்பட்டிருந்தால் நேரே அங்கே போகும். எழுதாமல் விட்டால் முகப்பிலேயே நின்றுவிடும். தள்ளுபடி விளம்பரத்தைத் தொட்டால் அந்தச் சரக்கின் பக்கமே திறக்கிறதே! வாங்குபவருக்கு முடிந்தது, உழைப்பவருக்கு மட்டும் முடியாதா?

நாம் கேட்பது இரண்டு. ஒப்பந்த அறிவிப்பைத் தொட்டால் பழைய விதியும் புதிய விதியும் அருகருகே, தொழிலாளி தேர்ந்த மொழியில் திறக்க வேண்டும். நீக்கல் அறிவிப்பைத் தொட்டால் காரணமும், முறையீடு எழுதும் இடமும் ஒரே திரையில் வர வேண்டும்.

இது தமிழருக்கு மட்டுமான கோரிக்கை அன்று. நம்மோடு ஓடும் கன்னடத் தோழருக்கும் உருது பேசும் தோழருக்கும் உரியது. தொழிலாளர் துறையிடம் எல்லோரும் சேர்ந்தே கேட்போம்!