எச்சரிக்கையை மீறுவது தவக்குல் ஆகாது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



அண்மையில், அடைமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், அஸர் தொழுகைக்குப் பின் நான்கு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். நால்வரும் சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர்கள். மறுநாள் ஜவ்வாது மலைக்குப் புறப்படுவதாகவும், காட்டோடை வழியே ஏறி இரவு மலையிலேயே தங்கப் போவதாகவும் கூறி, துஆச் செய்யுமாறு கேட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்திற்கு அன்று ஆரஞ்சு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. "மழை எச்சரிக்கை இருக்கிறதே தம்பி?" என்றேன். "அல்லாஹ்மேல் தவக்குல் வைத்துப் போகிறோம் ஹஜ்ரத். ஹயாத்து இருந்தால் திரும்பி வருவோம்" என்றார் ஒருவர். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டபோது மூவர் தலைகுனிந்தார்கள். வாணியம்பாடியில் நண்பனுக்கு நிகாஹ் என்று சொல்லியிருந்தார்களாம்.

அந்தப் பயணத்திற்குத் துஆச் செய்ய நான் மறுத்துவிட்டேன். இருந்தும் போனார்கள். நலமாகத் திரும்பியும் வந்தார்கள், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் வந்தவுடன் அவர்கள் சொன்னது: "பார்த்தீர்களா ஹஜ்ரத், ஒன்றும் ஆகவில்லையே!" இதை எழுத வைத்தது அந்தச் சொல்தான். அல்லாஹ் தன் கருணையால் காப்பாற்றியதை, தாம் செய்தது சரி என்பதற்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்கு இன்னும் நான்கு பேரை அழைத்துச் செல்வார்கள்.

தவக்குல் என்றால் என்ன? ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், அதைக் கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதரஸாவின் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும், மலையடிவாரத்தில் நிற்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

மழையைப் பற்றி மார்க்கம் நேரடியாகவே பேசுகிறது. மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமையன்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைப்பதற்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி முஅத்தினிடம் கூறினார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்திருப்பதாகவும், ஜும்ஆ கடமைதான் என்றாலும் மக்களைச் சேற்றிலும் வழுக்கலிலும் நடக்க வைக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. சிந்தித்துப் பாருங்கள். கடமையான ஜும்ஆவுக்காகச் சமதரையில் நடந்து வருவதற்கே மழையின் பொருட்டுச் சலுகை தந்த மார்க்கம் இது. அப்படியிருக்க, பொழுதுபோக்கிற்காக வழுக்குப் பாறையில் ஏறுவதற்கு அந்த மார்க்கத்தின் பெயரையே சொல்வது எவ்வளவு பெரிய முரண்!

கருமேகத்தைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மேகத்தைக் கண்டு மழை என மகிழ்ந்த ஆது சமூகத்திற்கு அதே மேகத்தில் வேதனை வந்ததை எண்ணி அவர்கள் அஞ்சினார்கள். அல்லாஹ்வின் தூதர் அஞ்சிய இடத்தில் நம் பிள்ளைகள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

மலை என்ன செய்யும் என்பதை வேறு ஊருக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் திருவண்ணாமலை மக்கள் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 அன்று, கொட்டிய மழையில் நம் ஊர் மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் தேடி, இரண்டு நாட்களுக்குப் பிறகே கடைசி உடலை மீட்டார்கள்.

"வீட்டில் இருந்தவர்களுக்கே மவுத்து வந்ததே ஹஜ்ரத்" என்று இதையும் சிலர் தமக்குச் சாதகமாகப் பேசுகிறார்கள். இது அநீதியான பேச்சு. அவர்கள் தம் வீட்டில் இருந்தவர்கள். ஆபத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். அவர்களுடைய துயரத்தை நம் அலட்சியத்திற்குக் கேடயமாக்க நமக்கு உரிமை இல்லை.

அதே மாதம் 13ஆம் தேதி கார்த்திகை தீபம். அதற்கு முன் வழக்கமாக 2,500 பேர் மலையேற அனுமதிக்கப்பட்டு வந்தனர். அவ்வாண்டு வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தபின் பக்தர்கள் ஏறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. மலைமேல் தீபம் ஏற்றப்பட்டது. மக்கள் கீழே நின்று பார்த்தார்கள். நம் அண்டை வீட்டார் தாம் வழிபாடாகக் கருதும் ஏற்றத்தையே ஆபத்தின் பொருட்டு விட்டுக்கொடுத்தார்கள். நாம் ஒரு விடுமுறைச் சுற்றுலாவை விட்டுக்கொடுக்க மாட்டோமா?

மழைக்கால மலையின் இயல்பை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பல நாள் மழையில் ஊறிய மண் எடை கூடிப் பிடிப்பை இழக்கிறது; அதன்மேல் தங்கியிருந்த பாறை எந்த முன்னறிவிப்பும் இன்றி உருளும். உச்சியில் பெய்யும் மழை, கீழே வெயிலடிக்கும் நேரத்திலும் ஓடையைப் பெருக்கெடுக்கச் செய்யும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது.

"ஹயாத்து முடிந்தால் எங்கிருந்தாலும் மவுத்து வரும்" என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை உமர் (ரலி) அவர்களைவிட நாம் அதிகம் அறிந்தவர்களா? ஷாம் நோக்கிச் சென்ற அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியதை அறிந்து படையுடன் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்வதாகப் பதிலளித்தார்கள். திரும்பி நடப்பதும் கத்ரில் அடங்கியதே!

"வெள்ளத்தில் இறந்தால் ஷஹீத் அந்தஸ்து உண்டே" என்போரும் உள்ளனர். தம்மையறியாமல் ஆபத்தில் சிக்கியவருக்கு அல்லாஹ் அளிக்கும் ஆறுதல் அது. ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. கடல் கொந்தளிக்கும்போது பயணம் செய்து இறந்தவரின் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டதாக எச்சரிக்கும் நபிமொழியை இமாம் புகாரி அவர்கள் அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார்கள். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது.

இனி, பெரியவர்களிடம் ஒரு சொல். அந்த மூன்று இளைஞர்கள் ஏன் பொய் சொன்னார்கள்? மலை என்றாலே நாம் "கூடாது" என்கிறோம். "வீண் செலவு", "கெட்ட சகவாசம்" என்று வாயை அடைக்கிறோம். பூமியில் பயணம் செய்யுமாறும், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறும் குர்ஆன் நம்மை அழைக்கிறது. அல்லாஹ் பார்க்கச் சொன்னதை நாம் தடுக்கலாமா? நம் தடை அவர்களை மலையிலிருந்து காக்கவில்லை. அவர்கள் எந்த மலையில் இருக்கிறார்கள் என்பதை நம்மிடமிருந்து மறைக்க மட்டுமே செய்தது. ஓடை பெருகியிருந்தால் நாம் வாணியம்பாடியில் அல்லவா தேடியிருப்போம்?

ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் ஓர் உடன்பாட்டிற்கு வாருங்கள். போகலாம், ஆனால் காலம் பார்த்து, வழி அறிந்து, சொல்லிவிட்டுப் போக வேண்டும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்றால் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறார்கள். சிவப்போ ஆரஞ்சோ, அன்று பயணம் இல்லை. குரங்கணியில் 2018 மார்ச் மாதக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பின், அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களில், வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டமும் தொடங்கப்பட்டது. அனுமதியுள்ள பாதை இருக்க, திருட்டுப் பாதை எதற்கு?

மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது அபூதாவூதில் உள்ள வழிகாட்டல். அமீர் "திரும்புவோம்" என்றால் திரும்ப வேண்டும், கேலி கூடாது. நண்பனின் உயிர் உங்களிடம் உள்ள அமானிதம். உங்களைத் தேடி மழையில் இறங்கும் மீட்புப் படையினரும் ஒரு தாயின் பிள்ளைகளே.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஜும்ஆவுக்குப் பின் வானிலை எச்சரிக்கையையும் அறிவியுங்கள். அதுவும் நன்மையை ஏவுவதே.

அந்த நால்வரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தம்பிகளே, மழை ஓய்ந்தபின் வாருங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்று மறுத்த துஆவை மனம் நிறையச் செய்கிறேன். அழைத்தால் நானும் வருகிறேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்து, தவக்குலைச் சரியாகப் புரிந்து நடக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.