லேஷி தூக்கிக்கொண்டு போகட்டும்!

அறுப்பு வேலை தலைக்கு மேல் கிடக்கும். குழந்தையோ காலைக் கட்டிக்கொண்டு அழும். "உன்னை லேஷி தூக்கிக்கொண்டு போகட்டும்!" என்று அலுப்பில் சொல்லிவிடுவாள் ருஷ்ய தேசத்துக் கிராமத்துத் தாய். எந்தத் தேசத்துத் தாய்தான் இப்படி ஏதாவது சொல்லாமலிருக்கிறாள்? ஆனால் அங்கே அது கெட்ட வேளையாக அமைந்துவிட்டால் போச்சு. குழந்தை அவனுடைய சொத்து!

யார் இந்த லேஷி? ருஷ்ய பாஷையில் 'லேஸ்' என்றால் காடு. லேஷி அந்தக் காட்டுக்கு எஜமானன். மகா விசித்திரமான ஆசாமி! நடுக்காட்டில் மரத்தளவு உயரம்; காட்டோரத்துக்கு வந்தால் புல்லளவு. நிழல் விழாது. புருவம் கிடையாது. பாதரட்சையைக் கால் மாற்றிப் போட்டிருப்பான். வழிப்போக்கர்களைச் சுற்றிச் சுற்றி அலைய வைப்பதில் அவனுக்கு அலாதிப் பிரியம். அதற்குப் பரிகாரமும் உண்டு. உடுப்பைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, பாதரட்சையையும் அவனைப் போலவே மாற்றி அணிந்தால் வழி புலப்படுமாம். இவ்வளவும் செய்வதற்குள் மனசு நிதானப்பட்டுவிடும். அதிலேயே பாதி வழி தெரிந்துவிடாதா?

குழந்தைகளிடம் அவன் பூச்சாண்டியாக வருவதில்லை. தாத்தா வேஷத்தில் வந்து, கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவான். 1903-ல் செர்கேய் மக்ஸீமவ் என்பவரின் பெரிய புத்தகம் ஒன்று வெளிவந்தது. லேஷியைப் பற்றிய நம்பிக்கைகளுக்கு அதில் குறைவே இல்லை.

இதெல்லாம் வெறும் கதைதானே என்று தள்ளிவிட முடியாது. காளானும் பழமும் பொறுக்கப் போன குழந்தைகள் நிஜமாகவே காணாமற்போன காடுகள் அவை. தகப்பன் சாபமும் பலிக்கும். ஆனாலும் தாயின் சாபத்துக்கே வீரியம் அதிகம் என்றார்கள். ஏற்கெனவே குழந்தையைத் தொலைத்துத் துடிக்கிறவளிடம், "நீ சொன்ன சொல்தான்!" என்று பழியையும் கொண்டுவந்து வைப்பது என்ன நியாயமோ!

வடக்கு ருஷ்யாவில் லேஷிக்கு மனுப் போடுவதும் உண்டு. பிர்ச் மரத்துப் பட்டையில் கரியால், வலமிருந்து இடமாக எழுதிக் காட்டில் வைத்துவிட்டு வருவார்கள். காணாமற்போன மாட்டுக்கும் இதே மனுத்தான்.

பழைய பஞ்சாங்கப்படி அக்டோபர் 4-ஆம் தேதி, அதாவது இப்போதைய 17, எரபேய் தினம். அன்று லேஷி ஆத்திரத்தில் மரங்களை முறித்துப் போட்டுவிட்டுப் பூமிக்குள் இறங்கிவிடுவான். வசந்தம் வரும் வரையில் தலைகாட்ட மாட்டான். பனிக்காலத்திலாவது தாய்மார்கள் பயமில்லாமல் திட்டலாம் போலிருக்கிறது!