தரைக்கடியில் ஒரு தடுப்பு

சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள குடிபாலா வட்டாரத்தில் வீடு கட்டுவோர் கூரையிலும் சுவரிலும் காட்டும் அக்கறையைத் தரைக்கடியிலுள்ள மண்ணின்மீது காட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளை உரிந்து உப்புப் பூத்த பின்னரே அம்மண் நினைவுக்கு வருகிறது. அப்பொழுதும் செய்யப்படுவது யாதெனில், கொத்தரை அழைத்து அப்பாகத்தைக் கொத்திவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசுவதே. இது பெரும்பாலும் வீண் செலவு. ஈரம் வெளியேறும் வழி அடைபட்டதால், அது பூச்சுக்கு மேலே ஏறி, அடுத்த ஆண்டு இன்னும் உயரத்தில் தலைகாட்டும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்வாறோ, அவ்வாறே செங்கல்லின் நுண்துளைகளில் நீர் ஏறுகிறது. மண்ணிலுள்ள உப்பும் அதனுடன் கரைந்து வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் துளைகளில் தங்கிப் படிகமாகப் பருத்துப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. களிமண்ணில் இந்த ஏற்றம் மிக அதிகம்; பருமணலில் சில அங்குலங்களே. கடைகாலுக்குத் தோண்டியெடுத்த மண்ணையே திரும்பத் தரைக்கடியில் கொட்டி நிரப்பும் வழக்கம் ஏன் தீங்கானது என்பதற்கு இதுவே காரணம்.

முன்னாளைய வீடுகள் இத்தொல்லையிலிருந்து ஓரளவு தப்பியிருந்தன. கருங்கல்லால் உயர்த்திய அடிப்பீடமும், தெருவினின்று இரண்டு மூன்று படி ஏறிச் செல்லும் திண்ணையும் அவற்றில் இருந்தன. நெற்குதிரைக் கற்களின்மேல் தூக்கி வைத்து, அடியில் காற்றோட விட்டதும் இதே அறிவின் பயனே. சாணம் மெழுகிய மண்தரை தான் உண்ட ஈரத்தை மெல்ல வெளியே விட்டது. இன்றைய பளபளப்பான ஓட்டுத்தரையோ மூடி போன்றது. அடியில் தடைபட்ட ஈரம் பக்கவாட்டில் நகர்ந்து சுவரில் ஏறுகிறது. பழைய தரையைத் தகர்த்துப் புது ஓடு பதித்தபின் சுவர் கெட்டது என்று குறைகூறும் வீட்டார் இதை அறிதல் நலம்.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வீட்டைக் குட்டைத் தூண்கள்மீதோ தாழ்ந்த சுற்றுச்சுவர்மீதோ நிறுத்தி, அடியில் ஓராள் தவழ்ந்து செல்லுமளவு இடைவெளி விடுவர். அவ்விடம் உலர்ந்திருக்க, 150 சதுர அடித் தரைக்கு 1 சதுர அடி வீதம் காற்றுத் துளை வேண்டுமென்று அங்குள்ள விதிகள் நெடுங்காலம் வற்புறுத்தின. ஆனால் கோடையின் புழுக்கக் காற்று அத்துளைகளின் வழியே நுழைந்து, குளிர்ந்த மரச்சட்டங்களில் நீராகப் படிந்து பூஞ்சணத்தை வளர்த்தது. ஆகவே இப்போது துளைகளை அடைத்து, மண்ணைப் பாலிதீன் தாளால் முழுதும் மூடும் முறையையும் விதிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. குடிபாலாவில் அத்தகைய இடைவெளி இல்லை. ஆயினும், மண்ணுக்கும் வீட்டுக்கும் இடையே இடைமுறியாத தடுப்பு வேண்டும் என்ற கொள்கை இங்கும் பொருந்தும்.

அத்தடுப்பை அமைக்கத்தக்க காலம் ஒன்றே. கொத்தர்கள் 'பேஸ்மட்டம்' என்று வழங்கும் அடிப்பீடம் எழுந்து, தரை போடுமுன் உள்ள சில நாட்களே அது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுவதுபோல், பீடம் சுற்றுப்புறத்தினும் 45 செ.மீ. ஆவது உயர்ந்திருத்தல் வேண்டும். உட்புறம் பருமணலால் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கியபின், அதன் மேற்பரப்பில் கறையான் மருந்தைச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் தெளிக்க வேண்டுமென்பது இந்தியத் தரக்கட்டளை 6313. மழை பெய்யும்போதோ மண் நனைந்திருக்கும்போதோ தெளித்தல் ஆகாது. முன்னர் இதற்குப் பயன்பட்ட ஆல்டிரின், குளோர்டேன் ஆகியவை 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்துவிட்டன. பழைய இருப்பு எங்கேனும் கிடைப்பினும் அதைத் தொடலாகாது. மருந்துக்குமேல் 250 மைக்ரான் பாலிதீன் தாளை விரித்து, இணைப்புகளை ஒரு சாணளவு மேல்மடித்து, ஓரங்களைச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கோடு சேர்க்க வேண்டும். தரையும் சுவரும் கூடும் ஓரமே ஈரத்துக்கும் கறையானுக்கும் முதல் வாயில். தாள் நடுவில் செம்மையாக இருந்து ஓரத்தில் குறைபடுமாயின் பயன் சிறிதே.

தரைக்கடியில் வெப்பத் தடுப்புப் பலகையும் இட வேண்டுமா என்று சிலர் வினவுகின்றனர். குளிர்நாட்டில் வேண்டும், இங்கு வேண்டுவதில்லை. மே மாதப் பகலில் வெளிவெப்பம் 40 டிகிரியைத் தொடும்போதும், சில மீட்டர் ஆழத்து மண் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. அக்குளிர்ச்சி தரை வழியே வீட்டுக்குக் கிடைக்கும் இலவச உதவி. அதைத் தடுக்கப் பணம் செலவிடுவதினும், அப்பணத்தைக் காங்கிரீட்டுக் கூரைமீது செலவிடுதல் பன்மடங்கு சிறந்தது.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் முதலில் ஈரத்தின் ஊற்றைக் கண்டறிய வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. ஆசிரியர்கள் பள்ளித் தரையிலேயே மாணவரைக் கொண்டு செய்யலாம். ஒரு முழச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி கண்டால் ஈரம் மண்ணிலிருந்து வருவது. மேலே கண்டால் காற்றிலிருந்து படிவது. பின்னதற்குத் தரையை உடைப்பது அறியாமை.

இவ்வட்டார உழவர் நிலக்கடலை மூட்டைகளை வீட்டுக்குள்ளேயே அடுக்குவதால், கேடு சுவரோடு நிற்பதில்லை. 8 விழுக்காட்டுக்குக் கீழ் உலர்த்திய கடலையும் ஈரத்தரையில் கிடந்தால் மீண்டும் ஈரமேறி, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சணத்துக்கு இரையாகும். அத்தகைய வீட்டில் மூட்டைகளுக்கடியில் மரச்சட்டம் இடுமாறு சொல்வது களப்பணியாளரின் கடமை.

பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் கிராம வீடுகளுக்கான உதவித்தொகை, கட்டடம் வளரும் நிலைக்கேற்பத் தவணைகளாக அளிக்கப்படுகிறது. அந்நிலைகள் புகைப்படத்தால் சரிபார்க்கப்படுகின்றன. எழும்பிய பீடத்தின் வெளித்தோற்றத்தை எடுத்த படம் உள்ளே விரித்த தாளைக் காட்டாது. ஆதலின் பீடநிலைத் தவணைக்கு முன், விரித்த தாளும் அதன் சுவரோரமும் தெரியும் படம் ஒன்றையும் கோருதல் வேண்டும்; அதற்கு ஊழியர் தரை போடும் நாளுக்கு முந்திய நாள் அங்கே சென்றிருத்தல் வேண்டும்.