கண்ணாடிக்குத் திரை கட்டிப் படுப்பவர்கள்

வாகனத்தின் கண்ணாடிகளை உள்ளிருந்து மறைத்துக்கொண்டு அதற்குள்ளேயே உறங்குவது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. மேலைநாட்டுப் பயணிகள் வேனுக்குள் மெத்தை விரித்து, கண்ணாடியின் அளவுக்கு அட்டை வெட்டிப் பொருத்தி, அதைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டி மகிழ்கிறார்கள். விரும்பிச் செய்பவர்கள் செய்யட்டும். அவர்களோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அதே திரையை விருப்பத்தால் அன்றி, பிழைப்புக்காகக் கட்டிப் படுக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுமுறைக் காலத்து இரவொன்றில் கித்துல்கலைக்குச் சென்று பாருங்கள். 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படத்தின் பாலம் இங்குதான் களனி கங்கையின் குறுக்கே எழுப்பப்பட்டது. இன்று வெள்ளைநீர்ப் படகோட்டத்துக்காகக் கூட்டம் வருகிறது. ஆற்றோர விடுதிகளில் விளக்கெரிய, வெளியே இருட்டில் வேன்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கண்ணாடிகளில் பழைய சேலைத் துண்டு, உரப்பை, பத்திரிகைத் தாள், வெயிலுக்கு வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பு. அவற்றுக்குப் பின்னால் கால் நீட்ட இடமின்றி உறங்குபவர்தான் காலையில் உங்களை மலைப்பாதை வளைவுகளில் ஏற்றிச் செல்லப் போகிறவர்.

இந்தச் சாரதிகளில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல பகுதித் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பால்வெட்டுக்கும் கொழுந்துக்கும் போக மறுத்து, கடன்பட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள். இரத்தினபுரிப் பக்கம் சென்றால் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைத் தோட்டத்துப் பையன்களை உடவளவையிலும் பலாபத்தலையிலும் காணலாம்.

சாரதிக்கு அறை உண்டா என்று ஒரு விடுதியின் முகாமையாளரிடம் நான் கேட்டதுண்டு. விடுதியின் பெயர் இங்கு வேண்டாம். அவரிடம்தான் வேன் இருக்கிறதே என்று பதில் வந்தது. அதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பதைப் போன்ற இயல்பான பதில்! சாரதிகளுக்கு ஒழுங்கான அறையும் உணவும் கொடுக்கும் விடுதிகள் இந்நாட்டில் இருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அது அந்தந்த முதலாளியின் கருணையாகவே இருக்கிறது. கருணை இல்லாத இடத்தில் சேலைத் துண்டுதான் சுவர்.

அந்தத் திரையைச் செய்வதில் இவர்கள் காட்டும் கைத்திறன் வியப்பானது. முதலில் பத்திரிகைத் தாளைக் கண்ணாடியில் அழுத்தி விளிம்பைக் கோடிட்டு அளவெடுக்கிறார்கள். (நாங்கள் எழுதும் ஆசிரியர் தலையங்கங்கள் இதற்காவது உதவுகின்றனவே!) பின்னர் அந்த அளவைவிட அரை அங்குலம் கூட்டி அட்டையை வெட்டினால் அது கண்ணாடி ஓரத்து இறப்பரில் செருகி நிற்கும். வெளிப்பக்கம் வெள்ளித்தாள், உட்பக்கம் கறுப்புத் துணி. எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை விரலளவு இறக்கி, அந்த இடைவெளியில் நுளம்பு வலையை ஒட்டுகிறார்கள். டெங்கும் எலிக்காய்ச்சலும் ஓயாத மாவட்டத்தில் வலையாவது வேண்டும். அட்டைக்கடிக்கு மருந்தில்லை.

புழுக்கம் தாங்காமல் கண்ணாடிகளை முழுவதும் அடைத்து, குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குபவர்களும் உண்டு. புகையில் கலந்துவரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடலாம். இதைப் படிக்கும் சாரதி எவரும் இருந்தால், புழுங்கினாலும் பரவாயில்லை, இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

தெஹியோவிட்டவைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் இதுபற்றிப் பேச்சுக் கொடுத்தேன். லயத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தவர்களுக்கு வேனில் தனியாகப் படுப்பது வசதிதானே ஐயா என்றார் அவர். அந்த 'வசதி' என்ற சொல் என்னை உறுத்துகிறது. வெள்ளையர் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகக் கட்டிய லயன் அறைகளுக்குள், தம்பதியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கயிற்றில் சேலை போட்டு மறைத்துத்தான் பல தலைமுறைகள் வாழ்ந்தன. மலையகத்தார் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்தச் சேலை இன்னும் எத்தனையோ லயங்களில் இறக்கப்படவில்லை. இப்போது அது வேன் கண்ணாடிக்கும் வந்துவிட்டது. பழகியவர்கள்தானே, அவர்களே குறை சொல்லவில்லையே என்று இதற்கு நியாயம் கற்பிப்பவர்களை நான் அறிவேன். ஒரு சமூகத்தை நெருக்கடியில் வாழப் பழக்கிவிட்டு, பின்னர் அந்தப் பழக்கத்தையே சான்றாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

பழகாதவர்களுக்கும் ஒருமுறை இந்தப் பாடம் கிடைத்தது. 2022இல் எரிபொருள் தீர்ந்தபோது இந்த நாடே வாகனங்களுக்குள் உறங்கியது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்த நாட்களில் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. முச்சக்கரவண்டிக்குக் கதவு இல்லை. மழைக்குக் கட்டும் றெக்சின் திரைக்குள் குறுகிக் கிடந்தார்கள். காரில் துவாயைக் கட்டிப் படுத்த கனவான்கள் மனித கண்ணியத்தைப் பற்றிப் பேசினார்கள். கியூ.ஆர். முறை வந்தது, வரிசை கலைந்தது, கண்ணியப் பேச்சும் கலைந்தது.

வழி இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2023 ஜூனில், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திருத்தினார்கள். ஹோட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் சாரதிகளுக்குத் தங்கள் வளாகத்திலோ 250 மீற்றருக்குள்ளோ உறங்குமிடம் அமைக்க வேண்டும். எட்டுக் கட்டில்களுக்கு ஒரு கழிப்பறையும் குளியலறையும் என்று கணக்கும் வகுத்தார்கள். எட்டுக்கு ஒன்று போதுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் சாரதியின் உறக்கம் கட்டடச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கழிப்பறை என்ற சொல்லையும் கவனியுங்கள். எவ்வளவு நேர்த்தியாகத் திரை தைத்தாலும் அதற்குள் கழிப்பறை வராது. இரவில் வெளியே இறங்க வேண்டியவர் பெண்ணாக இருந்தால் நிலைமை என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

செலவு அதிகம் என்பார்கள். நீச்சல் தடாகம் கட்டியவர்களுக்கு ஆறு கட்டில் போடப் பணமில்லையா? பயணிகளின் பொதிகளுக்குக் காவலாகச் சாரதியே வேனில் படுக்க விரும்புகிறார் என்பார்கள். காவலுக்கு ஆள் வேண்டுமானால் காவலாளியை நியமித்துச் சம்பளம் கொடுங்கள். பகலில் ஓட்டியவரையே இரவில் விழித்திருக்கச் செய்து, மறுநாள் அதிகாலையில் குழந்தை குட்டிகளோடு அவர் பின்னால் அமர்வதற்கு எப்படித்தான் துணிகிறீர்கள்?

சப்ரகமுவ மாகாண சபை 2017இல் கலைந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் கடந்தன. ஆகவே அங்கு போய் முறையிடச் சொல்லவில்லை. பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. தோட்டத்து வாக்குகளையும் பெற்று உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுப்பது அந்தச் சபைகள்தாம். அடுத்த விடுதியின் வரைபடம் மேசைக்கு வரும்போது சாரதியின் கட்டில் எங்கே என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கட்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் விடுதிகளைப் பதிவு செய்கையில் இதையே கேட்கலாம். சிவனொளிபாதமலைப் பருவம் ஆண்டுதோறும் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்குகிறது. பலாபத்தலையில் வாகனங்கள் நிற்கும் இடத்தருகே ஒரு கூரை, இருபது பாய், தண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனியாக ஒரு கழிப்பறை வரிசை: அதற்குள் இவ்வளவையும் அமைத்துவிடலாம்.