“லேசான” காயம் யாருக்கு லேசு?

2020 ஜனவரியில் ஈராக்கின் அல்-அசாத் தளத்தில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்ததில் 100க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மூளைக்காயம். ட்ரம்ப் அதைத் தலைவலி என்றார். சொந்தச் சிப்பாயின் காயத்தையே இப்படி எண்ணுபவர்கள், ஈராக்கியரின் காயத்தை எப்படி எண்ணுவார்கள்?

“லேசான மூளைக்காயம்” என்றால், சுயநினைவு போனாலும் அரை மணிக்குள் திரும்பியது என்பதே. அது அடிபட்ட நேரத்தின் அளவு. பின்னர் வரும் மறதி, கோபம், தூக்கமின்மையின் அளவல்ல.

இப்படியானவர்களை வாரக்கணக்கில் தங்கவைத்துச் சிகிச்சை தருவது நல்லதுதான். ஆனால் வெளியேறும் நாளில் நிரப்பும் படிவத்தை வைத்து “வெற்றி” என்றால் ஏற்கமாட்டேன். படிப்பித்த அன்றே பரீட்சை வைத்தால் எல்லாப் பிள்ளையும் பாஸ்தான். நாள் போகப்போகச் சிலர் தானாகவும் தேறுவர். ஒப்பிட இன்னொரு குழு வேண்டாமா?

ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போகிறாரா, பிள்ளைகள் அவருக்குப் பயப்படாமல் இருக்கிறார்களா என்று மனைவியிடம் கேளுங்கள். அதுதான் பெறுபேறு.