உலை அணைந்த நகரமும் உழைப்போர் உரிமையும்

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 64 மாடிகள் கொண்ட கோபுரமொன்று நிற்கின்றது. யூ.எஸ். ஸ்ரீல் என்னும் உருக்குக் கம்பனி தன் பெருமைக்கெனக் கட்டிய அக்கோபுரத்தின் உச்சியில் 2008ஆம் ஆண்டு ஏற்றப்பட்டதோ யூ.பி.எம்.சி. என்னும் வைத்தியசாலைக் குழுமத்தின் பெயர். அந்நகரின் அண்மைக்கால வரலாறு முழுவதும் அப்பெயர் மாற்றத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

1950இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 6,77,000 பேர். 2020இல் எண்ணப்பட்டோர் 3,03,000 பேர். நகரையடுத்த ஹோம்ஸ்ரெட் உருக்காலை 1986இல் மூடப்பட்டது. அது நின்ற ஆற்றங்கரையில் பின்னர் கடைத்தொகுதி எழுந்தது. புகை நீங்கியது, பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் வளர்ந்தன. கற்றோர்க்கு அது வாழ்வளித்தது. தரை துடைப்போர்க்கும் நோயாளரின் உணவு சுமப்போர்க்கும் கிடைத்தது என்ன?

உருக்கு வலிய தொழில், ஆகவே நல்ல சம்பளம் தந்தது. சேவைத்தொழில் எளியது, ஆகவே குறைவாகத்தான் தரும் எனச் சிலர் வாதிப்பர். இவ்வாதம் வரலாற்றின் முன் நில்லாது. 1892இல் அதே ஹோம்ஸ்ரெட்டில் கார்னகி கம்பனி சம்பளத்தைக் குறைக்க முனைந்தது. தொழிலாளர் எதிர்த்தனர், கம்பனி அழைத்த கூலிக்காவலரோடு மூண்ட சண்டையில் உயிர்கள் பலியாயின, மாநிலப் படை வந்திறங்கியது, சங்கம் முறிந்தது. அதன்பின் 1923 வரை நாளுக்கு 12 மணி நேர உழைப்பே உருக்காலைகளில் பலரின் தலைவிதியாயிற்று. உருக்கு அன்றும் உருக்குத்தானே! 1935இல் வாக்னர் சட்டம் கூட்டுப் பேரத்தை உரிமையாக்கி, 1937இல் யூ.எஸ். ஸ்ரீல் சங்கத்தை ஏற்ற பின்னரே உருக்குத் தொழிலாளி தலைநிமிர்ந்தான். குத்தகைச் சட்டம் மாறினால் களத்து நெல்லின் பங்கும் மாறும் என்பதை நம் கமக்காரர் நன்கறிவர். இதுவும் அதுவே.

புதிய முதலாளியைச் சட்டம் எட்டிப் பிடித்ததா? தர்மஸ்தாபனம் என்ற பெயரால் யூ.பி.எம்.சி. பெற்ற சம்பளவரி விலக்கை எதிர்த்து, 2013இல் மாநகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. தலைமை நிறுவனத்துக்கு ஊழியரே இல்லை, அனைவரும் கிளை நிறுவனங்களுக்குரியோர் என்பது எதிர்வாதம். 2014இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. நகரமும் அதனைக் கைவிட்டது. பல்லாயிரம் பேர் உழைக்கும் குழுமத்தின் தலைமைக்கு ஊழியர் ஒருவருமில்லையாம்! வாதத்தின் சாமர்த்தியத்தை வழக்கறிஞர் மெச்சலாம்; அதனால் குறைந்த வரியை ஈடுசெய்வோர் வீட்டுவரி இறுக்கும் எளியோர் அன்றோ?

அணைந்த உலைகளை மீண்டும் மூட்டுவோம் என்று வாக்குக் கேட்போர் அங்கு உளர். பழைய உலையின் சாம்பலைக் கிளறிப் பயனில்லை. உலையருகே நின்றவன் பெற்ற உரிமையைக் கட்டிலருகே நிற்பவளும் பெறல் வேண்டும். ஆதாயம் பெறும் தலைமை எதுவோ, அதுவே முதலாளியெனச் சட்டம் வரையறுத்தல் வேண்டும். தொழில் மாறலாம், உழைப்பவரின் உரிமை மாறலாகாது.