இணைகோடும் வீட்டுத் தமிழும்

நம் விஜயநகர்ப் பிள்ளைகள் பலர் கணக்குக்கென்றே தனியாக ட்யூஷன் போகிறார்கள். தாத்தாவோ பாட்டியோ வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். "அவன் இங்கிலீஷில் படிக்கிறான், நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒய் = 2 எக்ஸ் + 3 என்ற கோட்டுக்கு இணையாக, (4, 1) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாடு என்ன? நான் பார்த்த பிள்ளைகள் சூத்திரத்தில் போட்டு விடையைச் சொல்லிவிடுகிறார்கள். 2 ஏன் மாறவில்லை, 3 ஏன் மாறியது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. 'ஸ்லோப்' என்பதைச் 'சாய்வு' என்று சொல்லுங்கள். சுவரில் சாத்திய ஏணியைக் காட்டுங்கள். அதே சாய்வில் இன்னொரு ஏணியைத் தள்ளி வைத்தால் அது இணை. சாய்வு அப்படியே இருக்கிறது, இடம் மட்டும்தான் மாறியது. ஆகவே 2 நிற்கும். புள்ளியைப் பொருத்தினால் 1 = 8 + மாறிலி; மாறிலி −7. விடை: ஒய் = 2 எக்ஸ் − 7. அவ்வளவுதான்.

கன்னடத்தில் இணைகோட்டைச் 'சமாந்தர' ரேகை என்கிறார்கள். சம இடைவெளி என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நல்ல சொல். பிள்ளைக்கு அதையும் சேர்த்தே சொல்லலாம்.

ரயில்வேயில் சாய்வை 'ஐம்பதுக்கு ஒன்று' என்போம். ஐம்பது மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். நம் ஊரிலிருந்து மங்களூர் போகிறவர்கள் சக்லேஷ்பூர்–சுப்பிரமணியா மலைப்பாதையில் கடப்பது அந்தச் சாய்வைத்தான். பிள்ளையின் நோட்டில் அது 0.02.

இன்னொன்று, பாடப்புத்தகத்தைத் தாண்டியது. அகலப்பாதையில் இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 1676 மில்லிமீட்டர். வரைபடத்தில் பாதை 45 டிகிரி சாய்வாகப் போகிறதென்று வையுங்கள். இரண்டு கோடுகளின் மாறிலிகளுக்கு 1676 வித்தியாசம் கொடுத்தால் போதுமா? போதாது. மாறிலி காட்டுவது செங்குத்து அச்சில் உள்ள இடைவெளி. கோட்டுக்கு நேர்க்குறுக்காக அளந்தால் 1185 தான் வரும். அதில் வண்டி ஓடாது. மாறிலி வித்தியாசம் 2370 இருந்தால்தான் குறுக்களவு 1676 ஆகும். இதைக் கேட்ட பிறகு பிள்ளை அளவுகோலை எடுத்துக்கொண்டு தானே வரைந்து பார்க்க உட்காரும். (வளைவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வெளித்தண்டவாளம் உள்ளதைவிட நீளம். அது வேறு நாள் பேச வேண்டியது.)

பரீட்சை ஆங்கிலத்தில்தானே, தமிழில் சொன்னால் குழம்பாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தாளில் 'ஸ்லோப்' என்றே எழுதட்டும், யார் தடுத்தார்கள்? புரிந்துகொள்வது வீட்டு மொழியில் நடந்தால் ஆங்கிலச் சொல்லை ஒட்டவைக்க ஒரு நிமிஷம் போதும். தவிர, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதோடு தமிழ் நின்றுவிடும் வீடுகள் நம்மில் பெருகி வருகின்றன. வாதம் செய்யவும் காரணம் கேட்கவும் அந்தத் தமிழ் போதாது. பேரனோடு அரைமணி கணக்குப் போட்டால் 'ஏனென்றால்', 'அப்படியானால்', 'ஆகவே' எல்லாம் அவன் வாயில் தானாக வரும்.

விருப்பமுள்ள வீட்டார் இந்த வாரமே ஆரம்பிக்கலாம். கேள்வி இதோ: ஒய் = 3 எக்ஸ் − 5 என்ற கோட்டுக்கு இணையாக (2, 4) வழியே செல்லும் கோடு எது? தாத்தா முதலில் போடட்டும், பேரன் திருத்தட்டும்.